வாசலில் நிற்கவிடாத டீச்சர்

வகுப்புக்கு வெளியே ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தால் எங்கள் கணக்கு டீச்சருக்கு உடம்பெல்லாம் எரியும். பிந்தி வந்த பிள்ளையோ, சப்பாத்து இல்லாமல் வந்த பிள்ளையோ, பக்கத்தில் இருந்தவன் தலையில் கொட்டிவிட்டு முழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். “உள்ள வா, ஒக்காரு. மத்தத அப்பறம் பேசுவோம்” என்பார். அந்த அப்பறம் வந்ததும் பேச்சு காரமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை உட்கார்ந்துகொண்டுதான் ஏச்சு வாங்கும்.

நான் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவன். போய்ச் சேர்ந்த புதிதில், பாடம் பாதியில் இருக்கும்போது வந்து நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். எங்கள் வகுப்புகளுக்கு இடையில் சுவர் கிடையாது. இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். அடுத்த பக்கத்தில் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் சோக்குக் கட்டியும் கையுமாக வந்துவிட்டார்.

“சேர், இந்தப் புள்ள ஒங்களுக்கு வேணாமா?”

“பிந்தி வந்திருக்கான் டீச்சர். கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

“ஒங்களுக்கு வேணாம்னா எனக்கு வேணும்” என்று சொல்லி அவன் கையைப் பிடித்து ஏழாம் வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மீசை அரும்பிய பையன் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பின்னம் படித்தான். என் வகுப்பு முழுவதும் சிரித்தது. இன்றைக்கும் சொல்வேன், அன்று நியாயம் என் பக்கம்தான். அதை அவரிடமும் சொன்னேன். “நியாயம் ஒங்க பக்கமே இருக்கட்டும் சேர், புள்ள எம்பக்கம் இருக்கட்டும்” என்றார். இப்படிப் பேசுகிற ஆளிடம் என்னத்தைச் சொல்வது?

ஆள் குள்ளம். வெயில் காலம், மழைக் காலம் என்றில்லாமல் சேலைக்கு மேலே சாம்பல் நிற சுவெட்டர் ஒன்று. அட்டைக்கடிக்குப் பயந்து றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஏறி வருவார். வந்ததும் அதைக் கழற்றி அலுமாரிக்குக் கீழே தள்ளிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது. பள்ளிக்கூடத்துக்கு மேலே கொழுந்து எடுக்கும் பெண்கள், “டீச்சருக்கு இன்னைக்கு யாரு மேல கோவமோ தெரியலையே” என்று பேசிக்கொள்வார்களாம். யாரையும் வாய்விட்டுப் பாராட்டிப் பழக்கமில்லை. ஒரு பிள்ளை முழுக் கணக்கையும் சரியாகச் செய்து நீட்டினால், “பிழையில்ல” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் உயிரை விட்டார்கள்.

அவர் பிறந்து வளர்ந்ததும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில்தான். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு நாள், மழைக்கு ஓய்வறையில் ஒதுங்கி இருந்தபோது, நான் விளையாட்டாகக் கேட்டேன்: “ஏன் டீச்சர், வெளிய ஒரு புள்ள நின்னா அப்படி என்னா குடி முழுகிப் போவுது?”

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒங்களுக்குப் பெரட்டு தெரியுமில்ல சேர்? காலையில வேலைக்கு ஆள் பிரிச்சு விடுற எடம். எங்கம்மா கைப்புள்ளைய புள்ள மடுவத்துல விட்டுட்டு ஓடுவாங்க. கொஞ்சம் பிந்திட்டா வேலைய மேய்க்கிற கண்டாக்கையா இப்படிக் கைய காட்டுவாரு, போன்னு. பேசக்கூட மாட்டாரு. அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்ல. வர்ற வழியில அம்மா அழமாட்டாங்க. வீட்டுக்கு வந்து சட்டி பானைய போட்டு ஒடைப்பாங்க. அந்தக் கைய பாத்துப் பாத்தே வளந்தவ சேர் நான். என்னால அப்படிக் கை காட்ட முடியாது.” சொல்லி முடித்துவிட்டு, மழை விடுவதற்கு முன்பே எழுந்து வகுப்புக்குப் போனார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் யார் யார் படித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மலையைச் சுற்றியிருந்த தோட்டங்களின் பிள்ளைகள். பாதிப் பேருக்கு அம்மா குவைத்தில் அல்லது டுபாயில். அப்பா கொழும்பில் ஏதாவது கடையில், இல்லாவிட்டால் தோட்டத்திலேயே. பஸாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் சின்ன வகுப்புகளில் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் ஒரு சல்லடை வரும். கெட்டிக்காரப் பிள்ளைகளையும், பஸ் காசு கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளையும் டவுன் ஸ்கூல் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பவர்களை நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வருவோம். கூத்து அதோடு முடியாது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் டவுன் ஸ்கூல் இன்னொரு சல்லடை போடும். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சையில் தவறிவிடுவார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் அப்பாமாரைக் கூப்பிட்டு, “பிள்ளைக்கு இங்க கஷ்டம், தோட்டப் பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க” என்று விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிடும். அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்தபடி எங்கள் படியேறி வரும். கணக்கு டீச்சர் வாசலுக்கே வந்து, “வா, ஒக்காரு” என்பார்.

சர்மிளாவும் அப்படித் திரும்பி வந்தவள்தான். புலமைப்பரிசிலில் சித்தியடைந்து டவுனுக்குப் போன பிள்ளை. அம்மா குவைத்துக்குப் போனதும் தங்கையையும் தம்பியையும் பார்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. பஸ்ஸைத் தவறவிட்டாள், பாடங்களைத் தவறவிட்டாள், கணக்கில் அடியோடு சறுக்கினாள். டவுன் ஸ்கூல் கழித்துவிட்டது. அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் பகுதியில் வேலை. சாதுவான மனிதர். பத்திரத்தை நீட்டும்போது ஏதோ தானே தப்புச் செய்தவர் மாதிரி நின்றார்.

வருடா வருடம் ரிசல்ட் வந்ததும் வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். பள்ளிக்கூடத்தை நடத்தும் அதிபரும் கணக்கு டீச்சரும் போக வேண்டும். வரலாற்றுக்கும் ஏச்சு பாக்கி இருந்ததால் அந்த வருடம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் வெளிச்சம் போட்டு, எந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் சித்தி, யார் முதலாவது, யார் கடைசி என்று காட்டினார்கள். கடைசியில் இருப்பது யார் என்று பார்க்க எங்களுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

“இந்தப் பாடசாலை ஏன் எப்பவும் கடைசி?” என்று வலயக் கல்விப் பணிப்பாளர் கேட்டார்.

எங்கள் அதிபர் எழுந்து கழுத்தைத் துடைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார்.

“நாங்க கடைசியில்ல சேர். எல்லா ஸ்கூலோட கடைசியையும் நாங்கதான் வச்சிருக்கோம்.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பணிப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. “டீச்சர், இது பேச்சுப் போட்டியில்ல. ரிசல்ட்டப் பத்திப் பேசுங்க.”

“அதத்தான் பேசுறேன் சேர். கொழுந்தெல்லாம் அவங்க கூடைக்கு. முத்தின எலையெல்லாம் எங்க கூடைக்கு. பொறகு ரெண்டு தூளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இது ஏன் நல்லாயில்லன்னு கேட்டா என்னா சொல்றது? டவுன் ஸ்கூல் தள்ளிவிட்ட புள்ளைங்களயும் அவங்க கணக்குல சேத்துப் பாருங்க. அப்பறம் யாரு கடைசின்னு பேசுவோம்.”

அதிபர் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தார். பூட்ஸ் போட்டிருந்த காலுக்கு அது உறைத்திருக்காது. டவுன் ஸ்கூல் அதிபர் முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்தார். பணிப்பாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: வருகிற ஓ.எல்.லிலும் வீதம் ஏறாவிட்டால் எங்களுக்குப் பத்தாம், பதினோராம் வகுப்புகள் கிடையாது. பிள்ளைகளை டவுன் ஸ்கூலோடு சேர்த்துவிடுவார்கள். நாங்கள் ஒன்பதாம் வகுப்போடு நிற்க வேண்டியதுதான்.

கேட்பதற்கு நல்ல யோசனை போலத்தான் இருக்கும். மலையில் குடியிருப்பவனுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். எங்கள் பாதையில் காலையில் ஓடுவது ஒரேயொரு பஸ். மண் சரிந்தால் அதுவும் இல்லை. மூடுபனிக்குள் பொம்பளப் பிள்ளைகளை அந்தப் பஸ்ஸை நம்பி அனுப்ப எந்த அப்பாவும் துணியமாட்டார். ஆம்பளப் பிள்ளைகளைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார். பத்தாம் வகுப்பு இல்லாமல் போனால் பாதிப் பிள்ளைகளின் படிப்பு அந்தப் படியிலேயே முடிந்துபோகும். எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் வலயத்தில் கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் வந்தேன்.

எங்கள் அதிபர் கெட்ட மனிதர் இல்லை. பென்ஷனுக்குக் கிட்ட வந்துவிட்டவர். தன் காலத்தில் பள்ளிக்கூடம் சுருங்கிவிட்டது என்ற பேர் வேண்டாம் என்று பயந்தார். அவருக்கு ஒரு வழி தெரிந்தது. வேறு சில பள்ளிக்கூடங்களும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வழிதான். நிச்சயம் தவறிவிடுவார்கள் என்று தெரிகிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தின் பேரில் பரீட்சைக்கு விடுவதில்லை. பெற்றோரைக் கூப்பிட்டு, “எங்கள் பிள்ளை பிறகு பிரைவேட்டாக எழுதும்” என்று கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எழுதுகிற கூட்டம் சின்னதாகும்; வீதம் தானாக ஏறும்.

“கொஞ்சப் பேருக்காகப் பின்னால வர்ற எல்லாப் புள்ளையையும் பஸ்ல ஏத்தப் போறீங்களா டீச்சர்?” என்று அலுவலகத்தில் என் முன்னாலேயே கேட்டார். “வகுப்பக் காப்பாத்த வேற என்னா வழி இருக்கு, சொல்லுங்க.”

அது லேசான கேள்வி இல்லை. நானே அதிபரின் பக்கம் சாய்ந்துதான் இருந்தேன்.

“இந்த வருசம் இவங்கள வெளிய நிப்பாட்டுவோம்” என்றார் டீச்சர். “அடுத்த வருசம் வீதம் இன்னும் கூடணும்னு சொல்லுவாங்க. இன்னும் கொஞ்சப் பேர நிப்பாட்டுவோம். கடைசியில பாஸ் பண்ற ஒரே ஒரு புள்ளைய ஒக்கார வச்சு நூறு வீதம்னு வடை பாயாசத்தோட விருந்து வைப்போமா சேர்? யாருக்கு சேர் அந்த வகுப்பு?”

“நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க.”

“ஆமா, படுறேன்.”

கதவைச் சாத்திவிட்டுப் போன சத்தத்தில் சுவரில் இருந்த சரஸ்வதி படம் ஆடியது.

தோட்டத்தில் ஒரு செய்தி நிற்கவா போகிறது? மறுநாளே சர்மிளா வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, “வாங்க சேர்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினார். அவள் பீலியில் ஓடும் தண்ணீரில் தம்பியின் சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏன் வரல?”

“எழுத விடமாட்டாங்களாமே டீச்சர். பொறகு எதுக்கு வந்து?”

“யாரு சொன்னது?”

“எல்லாரும் சொல்றாங்க.”

“நான் சொன்னேனா?”

அவள் சட்டையைத் திரும்பவும் தண்ணீரில் முக்கினாள். “சட்டையப் புழிஞ்சு போட்டுட்டு நாளைக்கு வா. கொம்பாஸ் பொட்டி இல்லன்னா நான் தர்றேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரு ஆறுதல் வார்த்தை? ம்ஹும். எனக்கே அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவள் மறுநாள் வந்தாள்.

அதிபர் கூப்பிட்ட பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை நடந்தது. அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதிபர் மெதுவாக, மரியாதையாக விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் தலையாட்டத்தான் தெரியும். நான் எத்தனையோ தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன். பேனா கை மாறத் தொடங்கியது. டீச்சர் பின்வரிசையில் இருந்து எழுந்து, “யாரும் கையெழுத்துப் போடாதீங்க” என்றார்.

அதிபர் முகம் கறுத்துவிட்டது. “டீச்சர்!”

“ஒங்க புள்ளைங்களுக்கு இந்த ஸ்கூல்ல எழுத உரிமை இருக்கு. அத நீங்களா எழுதிக் குடுத்தாத்தான் பறிக்க முடியும். குடுக்காதீங்க.”

சர்மிளாவின் அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றார். “டீச்சர், எம்புள்ள பாஸ் பண்ணிருவாளா?”

வேறு யாராக இருந்தாலும் ‘பாஸ் பண்ணிருவாண்ணே’ என்று சொல்லியிருப்பார்கள். இவர் யோசித்தார். “தெரியாதுண்ணே. கணக்குல ரொம்பக் கஷ்டம். ஆனா எழுதுவா. அதுக்கு நான் பொறுப்பு.”

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் பேனாவைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஏதோ மாயம் நடந்த மாதிரி சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வைத்தார். கத்தினார். சோக்குத் துண்டால் எறிந்தார். பஸாரில் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் நானா, தன் மகன் டவுன் ஸ்கூலில் படித்தாலும், சாயங்காலத்தில் பணிஸ் அனுப்பி வைத்தார். நானும் வரலாற்றைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அதிபர் எங்கள் இருவரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஆனால் வகுப்பறைச் சாவியை மட்டும் எங்கள் கையில் கிடைக்கிற மாதிரி மேசையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ரிசல்ட் வந்தது. முந்திய வருடத்தைவிடக் கூடுதலான பிள்ளைகள் சித்தியடைந்திருந்தார்கள். ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் எழுதியிருந்ததால் வீதம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் தெரியும், முதலாவது தெரியாது. சர்மிளா கணக்கில் தவறிவிட்டாள்.

அன்று பின்னேரம் அவள் அப்பா ஸ்டோர் உடுப்போடு, மேலெல்லாம் தேயிலை வாசத்தோடு வந்தார். டீச்சர் அவருக்கு முகம் கொடுக்க முடியாமல் புத்தகங்களை அடுக்குவது போல நின்றார். டீச்சர் தோற்றுப்போய் நின்றதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

“டீச்சர், தமிழுக்கு பி எடுத்திருக்கா” என்றார் அவர். “எங்க வீட்டுல யாருக்கும் ஒரு பி கெடச்சதில்ல. அவ அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அங்க அவ தங்கியிருக்கிற கேம்ப்புல எல்லாருக்கும் சொன்னாளாம்.”

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். “கணக்க திரும்ப எழுதச் சொல்லுங்கண்ணே” என்றார். அவ்வளவுதான்.

வலயத்திலிருந்து உத்தரவு வந்தது. புது வருடத்திலிருந்து எங்களுக்குப் பத்தும் பதினொன்றும் இல்லை. பிள்ளைகள் டவுன் ஸ்கூலுக்குப் போக வேண்டும். டவுன் ஸ்கூல் என்ன செய்யப் போகிறது என்பதும் ஆசிரியர்மார் வாய்வழியாக எங்கள் காதுக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் புள்ளிகளைப் பார்த்து நல்லாப் படிக்கிறவர்களை எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு இடம் இல்லை, மேசை இல்லை, பிறகு பார்ப்போம். அந்தப் பிறகு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா?

புதுத் தவணையின் முதல் நாள் காலையில், டீச்சர் அந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் வரச் சொல்லிவிட்டார். டவுன் ஸ்கூல் முன்பு விரட்டிவிட்டவர்களும் அதில் அடக்கம். பெற்றோரும் வந்தார்கள். பஸ் நிரம்பி வழிந்தது. “என்னா டீச்சர், ட்ரிப்பா?” என்று கொண்டக்டர் கேட்டான். “ஆமா தம்பி, பெரிய ஸ்கூல் பாக்கப் போறோம்” என்றார். நானும் லீவு போட்டுவிட்டுக் கடைசிப் படியில் தொங்கிக்கொண்டு போனேன்.

டவுன் ஸ்கூல் கேட்டுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தூறிக்கொண்டிருந்தது. உள்ளே மணியடித்து வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஜன்னல்களில் எல்லாம் தலைகள். கொஞ்ச நேரத்தில் அதிபர் குடையோடு இறங்கி வந்தார். வலயக் கூட்டத்தில் திரும்பிப் பார்த்தாரே, அவரேதான்.

“டீச்சர், இத்தன பேரா?”

“இவ்வளவு பேருந்தான் சேர். ஒங்க ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

“எல்லாருக்கும் எங்ககிட்ட மேச கதிர இல்ல.”

“தரையில ஒக்காருவாங்க. பழக்கந்தான்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க ரிசல்ட் என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க டீச்சர்.”

“எங்ககிட்டயும் அதையேதான் சேர் சொன்னாங்க. இப்ப அது ஒங்க பாடு.”

அவர் கையில் இருந்த தாளைப் பிரித்து, தேர்ந்தெடுத்த பிள்ளைகளை மட்டும் உள்ளே வரச் சொன்னார். முதல் பேர் கவிதா. சர்மிளாவின் தங்கை. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு முதலாவது வந்தவள். இந்தத் தடவை டவுன் ஸ்கூல் சல்லடையில் விழாமல் நிற்கக்கூடிய பிள்ளை.

எங்கள் டீச்சர் வாயே திறக்கவில்லை. அது எனக்குத் திக்கென்றிருந்தது. நான்தான் மெதுவாக, “ஏதாவது சொல்லுங்க டீச்சர்” என்றேன். “அது அவ அப்பாவோட புள்ள சேர். அவருதான் சொல்லணும்” என்றார். கைகளைச் சுவெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார். ஒருவர் பிள்ளையை உள்ளே விட்டாலும் போதும், பின்னால் ஒவ்வொருவராகப் பிரிந்துவிடுவார்கள். மிஞ்சுகிற பிள்ளைகள் அந்தக் கேட்டுக்கு வெளியிலேயே முடிந்துபோவார்கள்.

கவிதாவின் அப்பா மகளைப் பார்த்தார். மகள் கேட்டுக்குள் தெரிந்த மாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது?

“போறியா?” என்று கேட்டார்.

அவள் திரும்பி எங்கள் பிள்ளைகளைப் பார்த்தாள். “மத்தவங்க?” என்றாள்.

அந்த மனிதர், பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் தலையாட்ட மட்டுமே தெரிந்த மனிதர், அதிபருக்கு நேரே திரும்பினார். “ஐயா, இவ அக்காவ இந்தக் கேட்டாலதான் வெளிய அனுப்புனீங்க. அந்தப் புள்ளைய இந்த டீச்சர் கூப்பிட்டு ஒக்கார வச்சாங்க. எல்லாரையும் கூப்புடுங்க, எம்புள்ளயும் வருவா. தனியா அனுப்பமாட்டேன்.”

அதிபர் அடுத்த பேரை வாசித்தார். அந்தப் பிள்ளையின் அம்மா பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, “எங்களதும் அப்படித்தான் சேர்” என்றார். அதற்கடுத்த பேருக்கும் யாரும் அசையவில்லை. தாள் மழையில் நனைந்து சுருண்டது. நான் வரலாறு படிப்பிக்கிறவன்; ராசாக்களின் சண்டை எத்தனையோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று கேட்டடியில் நின்றபோது வந்த பெருமை எனக்கு எந்தச் சண்டையைச் சொல்லும்போதும் வந்ததில்லை.

டவுன் ஸ்கூல் அதிபர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். பேசியது முழுவதும் கேட்கவில்லை. “சேர், இவங்க எல்லாரையும் போட்டா எங்க வீதம் படுத்துரும்… இல்ல சேர், பிரிக்க முடியல… இல்ல, ஒண்ணாத்தான் நிக்கிறாங்க…” என்பது மட்டும் நன்றாகக் கேட்டது. திரும்பி வந்தவர், பணிப்பாளர் சொன்னதைச் சொன்னார். இப்போதைக்குப் பத்தும் பதினொன்றும் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே நடக்கட்டும்.

இப்போதைக்கு என்றுதான் சொன்னார். அந்த இப்போதைக்கு இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. கவிதா அங்கேயே எழுதி, எல்லாப் பாடமும் சித்தியடைந்து, பிறகு உயர்தர வகுப்புக்குத் தலை நிமிர்ந்து டவுனுக்குப் போனாள். அன்று பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளில் சிலர் பாஸ், சிலர் இல்லை. எல்லாரும் எழுதினார்கள்.

டீச்சரைச் சும்மா விடுவார்களா? கேட்டடிக்குப் போன அந்தத் தவணை முடிவதற்குள் இடமாற்றம் வந்தது. இறம்பொடைப் பக்கம், இரண்டு பஸ் மாறி, மேலே நடந்து ஏற வேண்டிய ஒரு பள்ளிக்கூடம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முறைப்பாடு எழுதுவோம், சங்கத்தைப் பிடிப்போம் என்று குதித்தேன். “விடுங்க சேர், அங்கயும் புள்ளைங்கதான் இருக்கும்” என்றார். உத்தரவைக் கையில் வாங்க வலயத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

பணிப்பாளர் ஏசவில்லை. களைத்துப்போனவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “பாருங்க டீச்சர், ஒங்களால அந்த ஸ்கூலோட பேரே கெட்டுப்போச்சு.”

டீச்சர் உத்தரவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“ஸ்கூல் இருக்குல்ல சேர்?” என்றார். “பேரப் பொறகு பாத்துக்கலாம்.”